பின்பக்கத்துக் குமிழ்

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மாமியார் கூப்பிட ஆரம்பித்தாரோ, மாமனார் கூப்பிட ஆரம்பித்தாரோ, பெரியவள், சின்னவள் என்ற பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டன. பெரியவளுக்குத் தலை பாதி நரைத்த பிறகும், சின்னவளின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்ட பிறகும் அது மாறவில்லை. ஓரகத்திகள் இருவர் ஒரே சமையலறையில் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் முகம் கோணாமல் இருந்தாலே ஊர் மூக்கில் விரல் வைக்கும். இவர்களோ மாடியில் ஒரே அறைக்குள், ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, வருடக்கணக்காகச் சேர்ந்து வேலை பார்த்தார்கள்.

மாடி அறைதான் அவர்களுடைய ஒலிப்பதிவுக் கூடம். பெரியவள் கல்யாணத்துக்கு முன்பே ஒரு பெரிய ஸ்டூடியோவில் மிக்ஸிங் பழகியவள். பாட்டு, குரல், வாத்தியம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிந்த பிறகு, எது எவ்வளவு கேட்க வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்று கலந்து கொடுக்கும் வேலை அது. சின்னவளுக்கு இதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. புதிதாக வந்த நாட்களில் காபி கொடுக்க மாடி ஏறியவள், உள்ளே ஒரு பாடகி தொடர்ந்து தடுமாறிய வரியைக் கேட்டு, வாசலில் நின்றபடியே "கடைசியில சுருதி இறங்குது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியவள் காபியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உள்ள வா, கதவைச் சாத்து" என்றாள். அன்று உள்ளே போனவள்தான். இப்போது பதிவு செய்வது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் சின்னவள் பொறுப்பு. மிக்ஸிங் மட்டும் பெரியவளுடையது. அதில் யாரும் கை வைக்க முடியாது.

அந்தக் கோடையில் அவர்களிடம் வந்திருந்தது குழந்தைகள் நாடகம் ஒன்றின் பாட்டுகள். காடு, மிருகங்கள், வழி தவறிப்போன ஒரு கிளி என்று போகும் கதை. நாடகத்தை நடத்துபவர் அகலமான மீசைக்காரர். குழந்தைகளே அவரை "மீசை சார்" என்றுதான் கூப்பிட்டார்கள். பாட்டுகளில் மணிச் சத்தமும், சிம்பல் என்னும் பித்தளைத் தட்டின் சத்தமும் நிறைய. பெரியவள் மும்முரமாக மிக்ஸ் செய்துகொண்டிருந்தபோதுதான் ஸ்பீக்கர் தகராறு ஆரம்பித்தது.

மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ரகம். கீழே பெரிய கூம்பு, மேலே கூர்மையான சத்தங்களுக்கென்று எலுமிச்சம்பழ அளவில் ட்வீட்டர். முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு எப்போதும் பச்சையாக எரியும். அன்று மத்தியானம் சிம்பல் ஓங்கி விழுந்த இடத்தில் அது சிவப்பானது. பிறகு பச்சை. மறுபடி சிவப்பு. கொஞ்ச நேரத்தில் இடது ஸ்பீக்கர் அடியோடு வாயை மூடிக்கொண்டது.

"இதுக்கு என்ன வந்துச்சு?" என்று பெரியவள் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கக்கா. அதுக்குத் தாங்கல" என்றாள் சின்னவள், பின்னால் இருந்த நாற்காலியில் இருந்து.

"இதுக்கே தாங்கலன்னா ஸ்பீக்கர்னு எதுக்குப் பேரு? முன்னெல்லாம் தாங்குச்சு."

ஸ்பீக்கரை அணைத்துச் சிறிது நேரம் ஆறவிட்டுப் போட்டார்கள். வேலை செய்தது. மறுநாளும் அதே கதை. பெரியவளுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்பீக்கருக்கு வயதாகிவிட்டது, உள்ளே ஏதோ இற்றுப்போய்விட்டது என்று தீர்மானித்து, ரிப்பேர்காரருக்குப் போன் போட்டுவிட்டாள்.

அவர் வந்த சமயத்தில் சின்னவள் வீட்டில் இல்லை. அவளுடைய அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள்.

ரிப்பேர்காரர் பேச்சுக்காரர். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து முதுகுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஊதினார், முகர்ந்தார், எதையெதையோ தொட்டு அளந்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இதுக்கு ஒரு வியாதியும் இல்லம்மா. நல்லா இருக்கு" என்றார்.

"அப்புறம் ஏன் நின்னு நின்னு போகுது?"

"அது தன்னைக் காப்பாத்திக்குது. சத்தம் அளவுக்கு மீறினா முதல்ல சிவப்பு காட்டும். கேக்கலன்னா தானே நிறுத்திக்கும். இல்லேன்னா மேல இருக்கு பாருங்க, அந்தக் குட்டி ட்வீட்டர் கருகிப் போயிடும்." எழுந்து, ஸ்பீக்கரின் பின்பக்கம் விரலைக் காட்டினார். "இங்க பாருங்க. இது பேஸ், கீழ்ச் சத்தத்துக்கு. இது ட்ரெபிள், மேல் சத்தத்துக்கு. ட்ரெபிள் குமிழைக் கடைசி வரைக்கும் ஏத்தி வெச்சிருக்கீங்க. ரெண்டு ஸ்பீக்கர்லயும். மேல் சத்தம் மட்டும் எக்கச்சக்கமா போகுது. அதுக்கு மேல வால்யூமும் வேற. பாவம், அது என்ன பண்ணும்?"

பெரியவள் குனிந்து பார்த்தாள். "நான் இதைத் தொட்டதே இல்லையே."

"துடைக்கும்போது திரும்பியிருக்கும்."

"ரெண்டுமா?"

"ரெண்டையும்தானே துடைக்கிறீங்க" என்று சிரித்துவிட்டு, குமிழ்கள் இரண்டையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். "கம்பெனியில இருந்து வர்றப்போ இப்படித்தான் இருக்கும். இனிமே தொந்தரவு பண்ணாது."

அவர் போன பிறகு பெரியவள் பாட்டைப் போட்டுக் கேட்டாள். எல்லாமே ஒரு போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. மணிகள் மங்கிவிட்டன. கிளி பாடும் வரிகளில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. இதுநாள்வரை தப்பான ஸ்பீக்கரில் அல்லவா வேலை செய்திருக்கிறோம், நல்லவேளை இப்போதாவது தெரிந்தது என்று நினைத்துக்கொண்டு, உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் திருத்தினாள். குரலின் மேல் பகுதியை ஏற்றினாள். மணிகளை ஏற்றினாள். சிம்பலை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று வைத்தாள். போர்வை விலகியது. சிவப்பு விளக்கும் வரவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாயங்காலம் சின்னவள் போன் செய்தாள். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டதாகவும், பார்வை தெளிவாகத் தெரிவதாகவும், வீட்டுக்கு வந்தவுடன் அம்மா மூலையில் ஒட்டடை இருப்பதைத்தான் முதலில் பார்த்ததாகவும் சொன்னாள். பிறகு, "ரிப்பேர்காரர் வந்தாரா?" என்று கேட்டாள்.

"வந்தார். ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்காம். பின்னாடி ட்ரெபிள் குமிழ் கடைசிக்குப் போயிருந்துச்சு, நடுவுல வெச்சுட்டுப் போனார்."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

"இருக்கியா?"

"இருக்கேன்க்கா. பாட்டை அனுப்பிட்டீங்களா?"

"இப்ப அனுப்பப் போறேன். எல்லாத்தையும் திருத்தியாச்சு."

"அனுப்பாதீங்க. ரெண்டு நாள்ல வந்துடறேன். நான் ஒரு தடவை கேட்டுடறேன், அப்புறம் அனுப்பலாம்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. "நான் பண்ணின மிக்ஸை நீ கேட்டு ஓகே சொல்லணுமா?"

"அப்படி இல்லக்கா..."

"அம்மாவைப் பாரு. வேலையை நான் பாத்துக்கறேன்." போனை வைத்த கையோடு பாட்டுகளை அனுப்பிவிட்டாள்.

மீசைக்காரரிடமிருந்து அடுத்த நாளே அழைப்பு வந்தது. மரியாதைக்காரர். நேராகக் குறை சொல்லவில்லை. "மேடம், எங்க ஹால் ஸ்பீக்கர்தான் மக்கர் பண்ணுதோ என்னமோ. பாட்டு கொஞ்சம் குத்துற மாதிரி இருக்கு. உங்களுக்கு நேரம் ஒழிஞ்சா ஒரு நடை வந்து பாக்கறீங்களா?"

பெரியவள் ஆட்டோ பிடித்துக் கிளம்பினாள். போகும்போதே, அந்த ஹாலில் கண்ட ஸ்பீக்கரைக் கண்ட மூலையில் வைத்திருப்பார்கள், அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

ஹால் முழுக்கக் குழந்தைகள். ஒருத்தன் முயல் காதோடு ஓடினான். ஒருத்தி ஆமை ஓட்டை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். ஒழுங்காகத்தான் இருந்தன. வைத்திருந்த இடமும் சரிதான். "போன வருஷ நாடகத்துப் பாட்டு ஏதாவது வெச்சிருக்கீங்களா? அதைப் போடுங்க" என்றாள். அதுவும் அவள் மிக்ஸ் செய்ததுதான். போட்டார்கள். தெரிந்த பாட்டு என்பதால் குழந்தைகள் அவரவர் இடத்திலேயே ஆட ஆரம்பித்தார்கள்.

"இப்போ புதுசைப் போடுங்க."

புதுப் பாட்டு ஆரம்பித்தது. முதல் சிம்பல் விழுந்ததும் முயல் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். அவனுடைய அட்டைக் காதுகள் மேலே ஆடிக்கொண்டிருந்தன. ஆமை தோளைக் குறுக்கினாள். கிளி பாடும் வரி வந்தது. சொல்லுக்குச் சொல் ஹாலின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைவரை குழந்தைகளின் முகங்கள் சுளித்தன. மீசைக்காரர் பார்க்காதவர் போலக் கூரையைப் பார்த்தார்.

நடுவில் நின்ற பெரியவளுக்கு அது இதமான பாட்டாகத்தான் கேட்டது. மணிகள் மென்மையாக, சிம்பல் தொட்டும் தொடாமலும், குரல் தெளிவாக. அவள் முன்னால் இருந்த ஸ்பீக்கரின் அருகே போய் நின்றாள். அங்கேயும் அதேதான். திரும்பிக் குழந்தைகளைப் பார்த்தாள். அவர்கள் ஒரு கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது போலிருந்தது.

கிளியாக நடிக்கும் சிறுமி பக்கத்திலேயே நின்றாள். பெரியவள் குனிந்து கேட்டாள். "என்னம்மா பண்ணுது பாட்டு?"

சிறுமி பச்சைச் சிறகுக்குள்ளிருந்து கையை எடுத்து வாயைத் தொட்டுக் காட்டினாள். "பல்லு கூசுது, ஆன்ட்டி."

"எந்த இடத்துல?"

"எல்லா இடத்துலயும். 'ச' வர்ற இடமெல்லாம் ரொம்ப."

பெரியவள் நிமிர்ந்தாள். மீசைக்காரரிடம், "பாட்டை நிறுத்துங்க. நான் சரி பண்ணித் தரேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் நிம்மதியாகத் தலையாட்டினார். வாசல்வரை வந்து ஏதோ பேசினார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

ஆட்டோவில் வரும்போது எத்தனையோ சின்னச் சின்ன விஷயங்கள் வரிசையாக வந்து நின்றன. இந்தக் காலத்துப் பாடகிகள் எல்லாம் வாயைத் திறக்காமல் முணுமுணுக்கிறார்கள் என்று அவள் அலுத்துக்கொண்டது. போனை எப்போதிலிருந்தோ இடது காதிலேயே வைக்கப் பழகியது. பேசுபவர் வாயைப் பார்த்தால்தான் பேச்சு பிடிபடுகிறது என்பதை, ஏதோ மரியாதைக்குப் பார்ப்பது போல அவளே நம்பிக்கொண்டது. இதெல்லாம் தனித்தனியாக வந்தபோது ஒன்றுமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாடி ஏறினாள். ஸ்டூடியோ கதவு திறந்திருந்தது. சின்னவள் சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்துவிட்டிருந்தாள். ஊர் போய்வந்த பை வாசலிலேயே கிடந்தது. அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து, இடது ஸ்பீக்கரின் பின்னால் கையை விட்டுக்கொண்டிருந்தாள். காலடி கேட்டுத் திரும்பியவள் கையை எடுக்கக்கூட மறந்து அப்படியே இருந்துவிட்டாள்.

"நீதானா?" என்றாள் பெரியவள்.

சின்னவள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "நான்தான்க்கா."

"எத்தனை நாளா?"

"நாம பண்ணிக் குடுத்த அந்தப் பற்பசை விளம்பரம் திரும்பி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? சத்தம் ரொம்ப ஷார்ப்பா இருக்குன்னு."

பெரியவளுக்கு ஞாபகம் இருந்தது. அது பல வருடங்களுக்கு முந்திய விஷயம்.

"அன்னைக்கு நான் கேட்டேன். அவங்க சொன்னது சரிதான். நீங்க அப்படியெல்லாம் பண்றவங்க இல்லையே. அப்பதான் எனக்குத் தோணுச்சு, உங்களுக்கு மேல் சத்தம் கொஞ்சம் குறைவாக் கேக்குதோன்னு. ஸ்பீக்கர்லயே அது கூடிட்டா நீங்க பாட்டுல ஏத்த மாட்டீங்கன்னு குமிழைக் கடுகளவு ஏத்தி வெச்சேன். அடுத்த வேலை பழையபடி பிரமாதமா வந்துச்சு. அப்புறம் எப்பவாவது கொஞ்சம் மாறினா இன்னொரு கடுகளவு. போன வருஷத்தோட குமிழ் முடிஞ்சு போச்சு. அதுக்கு மேல திரும்பல. நீங்க வால்யூமைக் கூட்ட ஆரம்பிச்சீங்க. சிவப்பு லைட் வர ஆரம்பிச்சுது."

"நீ இந்த ரூம்ல எப்படி உக்காந்தே?"

"காதுல பஞ்சு வெச்சுக்குவேன்."

"ஜலதோஷம்னு சொன்னியே."

"ஆமா."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு வந்த வார்த்தைகள் அவளுக்கே புதிதாக இருந்தன. "எத்தனை பேர் முன்னாடி நான் பெரிய இவளாட்டம் பேசியிருப்பேன். அப்பல்லாம் நீ பின்னாடி உக்காந்து மனசுக்குள்ள சிரிச்சிருப்பே."

"அக்கா."

"பொம்மையை உக்கார வெச்சு வேலை வாங்கியிருக்கே. என் காது எனக்குத் தெரியக் கூடாதா? அதைக்கூட நீதான் வெச்சுக்கணுமா?"

"நீங்க மிக்ஸிங்கை விட்டுடுவீங்கன்னு பயந்தேன்" என்றாள் சின்னவள். "எதை முன்னாடி வைக்கணும், எதை அடக்கணும்னு உங்களுக்கு வர்ற மாதிரி எனக்கு எந்த ஜென்மத்துலயும் வராது. அதுல ஒரு குறையும் இல்ல. மேல ஒரு ஓரம் மட்டும் கேக்கல. அதுக்கு ஒரு குமிழ் போதும்னு நெனச்சேன். சத்தத்தைக் கூட்டக் கூட்ட உங்களுக்கு இன்னும் கெடுதல்னு தெரியும். அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அது என் தப்புதான்."

"கீழ போ" என்றாள் பெரியவள்.

அதன் பிறகு வீட்டில் நிலவிய அமைதி யாருக்கும் பிடிபடவில்லை. சமையலறையில் பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டன. பெரியவளின் கணவர் டயர் கடை வைத்திருப்பவர், வீட்டு விஷயத்தில் ஒதுங்கியே இருந்து பழகியவர். சாப்பிட்டு முடித்துத் தட்டை அவரே கழுவி வைத்தார். அதுவே பெரிய சங்கதி.

பெரியவள் ஓர் இரவு அவரிடம் கேட்டாள். "எனக்குக் காது சரியாக் கேக்கலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் மடித்துக்கொண்டிருந்த துண்டை மறுபடி பிரித்தார். "டிவி சத்தத்துக்குத்தானே நான் பால்கனியில போய் உக்காந்துக்கறேன்."

"ஏன் சொல்லல?"

"உனக்கே தெரியும்னு நெனச்சேன். காதை வெச்சு வேலை பாக்கறவ நீ. உனக்கு நான் போய்ச் சொல்றதா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊருக்கே தெரிந்த விஷயம் கடைசியாகத் தன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதில் தன் பங்கும் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. யாராவது இதுபற்றி வாயெடுத்திருந்தால், அவள் எகிறிக் குதித்திருப்பாள். சின்னவள் ஒருமுறை கேட்டுப்பார்க்கிறேன் என்று சொன்னதற்கே போனை வைத்தவள்தானே.

காலையில் காது டாக்டரிடம் போகக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், பின் சீட்டில் சின்னவள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, ஏறிவிட்டிருந்தாள். கண்டக்டர் வந்தபோது பெரியவள் இரண்டு டிக்கெட்டாக வாங்கினாள். அவ்வளவுதான் பேச்சு.

பரிசோதனைக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் கீழ்ச் சத்தங்கள். எல்லாம் கேட்டன. பழகிய வேலை என்பதால் டக்டக்கென்று அமுக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் மேலே ஏறிக்கொண்டே போனது. பிறகு எதுவும் வரவில்லை. பரிசோதனை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பரிசோதனை செய்த பெண் இன்னும் மும்முரமாக எதையோ திருகிக்கொண்டுதான் இருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் சின்னவள் நின்றாள். அவளுக்கும் அங்கிருந்து எதுவும் கேட்காதுதான். இருந்தும், பெரியவளின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போதாவது அமுக்கிவிட மாட்டாளா என்பதுபோல.

டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். போனது போனதுதான். சத்தத்தைக் குறைத்தால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இரண்டு காதுக்கும் கருவி வைத்தால் பேச்சு நன்றாகப் பிடிபடும். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். பெரியவள் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "வேலையை விட்டுடணும்னு இல்ல. ஆனா தனியாப் பண்ணாதீங்க" என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். பெரியவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, அங்கேயே நின்று மீசைக்காரரை அழைத்தாள். "கோளாறு உங்க ஸ்பீக்கர்ல இல்ல சார். என் காதுல. மேல் சத்தம் எனக்குச் சரியாக் கேக்கறதில்ல. இன்னைக்குத்தான் டாக்டர் பாத்துச் சொன்னார்."

"அடடா. அப்போ... நாடகத்துக்கு நாள் இல்லையே மேடம். பாட்டை யார் சரி பண்ணுவாங்க?"

பெரியவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். சின்னவள் வராத பஸ்ஸைத் தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நாங்கதான்" என்றாள் பெரியவள்.

போனை வைத்ததும் சின்னவள் மெதுவாகக் கேட்டாள். "கோவம் போயிடுச்சா?"

"போகல. வேலை முடியட்டும், அப்புறம் மிச்சத்தைக் காட்டறேன்."

அன்றே உட்கார்ந்தார்கள். குமிழ்கள் நடுவிலேயே இருந்தன. சத்தம் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று சின்னவள் ஒரு பென்சில் கோடு போட்டுவைத்தாள். பெரியவள் வழக்கம்போல முதலில் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தாள். மத்தளம் எங்கே, புல்லாங்குழல் எங்கே, கிளி தனியாக அழும் இடத்தில் எதையெல்லாம் விலக்க வேண்டும். அதில் அவளுக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. மணியும் சிம்பலும் வரும் இடங்களில் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பாள்.

"இப்போ?"

"கொஞ்சம்... அதிகமோ என்னமோக்கா."

"அதிகமா, இல்லையா?"

"அதிகம்தான்."

"எவ்வளவு?"

"சும்மா ஒரு..."

பெரியவள் கையை எடுத்துவிட்டாள். "இத பாரு. இவ்வளவு நாள் எனக்குத் தெரியாம என் முதுகுக்குப் பின்னாடி பண்ணினப்போ உனக்கு இந்தத் தயக்கம் இல்ல. குமிழைக் கரெக்டாத் திருப்பினே. அதே கையால இங்க திருப்பு."

சின்னவள் கையை நீட்டிச் சிம்பலைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். பெரியவளுக்குச் சிம்பலே காணாமல் போய்விட்டது.

"இருக்கா அது?"

"இருக்குக்கா. அழகா இருக்கு."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தாள். தனக்குக் கேட்காத ஒன்றை இன்னொருத்தி சொன்னதை வைத்து நம்ப வேண்டும். இத்தனை வருட வேலையில் இவ்வளவு கஷ்டமான ஒன்றை அவள் செய்ததில்லை. "சரி, அடுத்த பாட்டுக்குப் போ" என்றாள்.

இடையில் ஒருமுறை சண்டையும் வந்தது. கிளியின் குரலைச் சின்னவள் ரொம்பவும் மழுக்கிவிட்டாள் என்று பெரியவளுக்குப் பட்டது. "எனக்குக் கேக்கலங்கறதுக்காகச் சொல்லல. சொல்லு விழற அழுத்தம் போச்சு, அது எனக்குத் தெரியும்" என்றாள். சின்னவள் முரண்டு பிடித்தாள். பிறகு கண்ணாடி போட்டுப் பார்ப்பதுபோல் மறுபடி மறுபடி கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதுதான் சரி" என்றாள். அதைக் கேட்டபோது பெரியவளுக்கு உள்ளே ஏதோ இளகியது.

நாடகத்தன்று இருவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் மேடையைப் பார்க்கவேயில்லை. முன்னால் இருந்த குழந்தைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் மடியிலும், பக்கத்தில் இருப்பவன் தோளிலும், பிஸ்கட் பொட்டலத்திலும் இருந்தன. காதுப் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

எல்லாம் அப்படியே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. விஷயம் வெளியில் பரவியதும், விளம்பரக் கம்பெனி ஒன்று மெல்லக் கழன்றுகொண்டது. ஒரு வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டு, வேறு இடத்தில் கொடுத்தார்கள். பெரியவள் சில நாள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனாள். மீசைக்காரர் மட்டும் அடுத்த நாடகத்துக்கும் வந்தார். விளம்பரப் பலகையில் ஒலி என்ற இடத்தில் இருவர் பெயரையும் போடட்டுமா என்று அவராகவே கேட்டார்.

காதுக் கருவி வந்த அன்று, மாட்டிக்கொண்டு மாடி ஏறினாள். ஸ்டூடியோவில் உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"என்னக்கா?"

"இந்த நாற்காலி கிறீச்சுனு கத்துது."

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"ரொம்ப வருஷமாச்சு."

"இதையுமா சொல்லாம இருந்தே?"

"இதைச் சொன்னா அதுவும் வெளிய வந்துடும்னு..." என்று இழுத்தாள் சின்னவள்.

பெரியவள் நாற்காலியை ஓர் உதை விட்டாள். அதுவும் கத்தியது. "இனிமே எது தெரிஞ்சாலும் என்கிட்டச் சொல்லணும். மூடி மறைக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது." சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"வேலை பாக்கும்போது நீங்க கூடவே பாடுவீங்க. உங்களுக்குத் தெரியாமலே. சுருதியே சேராது."

பெரியவள் அவளை முறைத்துப் பார்த்தாள். "அது காதுனால இருக்கும்."

"இல்லக்கா. நான் காபி எடுத்துக்கிட்டு வந்த காலத்துலயே அப்படித்தான்."

பெரியவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும், தன் சிரிப்பின் சத்தம் இவ்வளவு கூர்மையாக இருக்குமா என்று ஆச்சரியப்பட்டவள் போலக் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, என்ன வேலை இருக்கு இன்னைக்கு? போடு" என்றாள்.